தியோவுக்குத் திறந்த மதகுகள்

ஃப்ரோங்க்ல் ஊரில் படகைக் கட்டியதே ரொட்டி வாங்கத்தான். வாங்கப் போன ஒதீல் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். கரையோரக் காப்பிக்கடையில் அவளுக்கு ஒரு சேதி காத்திருந்திருக்கிறது. படகுக்காரர்களுக்கு வரும் சேதியெல்லாம் அந்தக் கடையில்தான் தங்கும். ஆள் வரும்போது கடைக்காரி சொல்லுவாள். மார்செலின் உடனே தொலைபேசியில் கூப்பிடச் சொல்லியிருந்தாள்; ஒதீல் கடையிலிருந்தே பேசினாள். மார்செலின், ஒதீலின் புருஷன் அன்செல்முடைய தம்பி தியோவின் மனைவி. அவர்களுடைய படகு 'அல்பாத்ரோஸ்' மலைக்கு அந்தப் பக்கம், கால்வாய் மலையைக் குடைந்து போகும் சுரங்கத்துக்குத் தெற்கே, வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

ஒதீல் சுக்கான் அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு அன்செல்மிடம் சொன்னாள். துறைமுகத்து வைத்தியர் மார்செலினைத் தனியாக நடைவழிக்குக் கூட்டிப்போய்ப் பேசியிருக்கிறார். தியோவின் வயிற்றில் இருப்பது புண் இல்லை, கட்டி. ஷோமோன் ஆஸ்பத்திரியில் நல்ல அறுவை மருத்துவர் ஒருவர் இருக்கிறார், படுக்கைக்குச் சொல்லி வைத்தாயிற்று, சீக்கிரம் கொண்டுபோனால் வெட்டி எடுத்துப் பார்க்கலாம். பிழைப்பவர்களும் உண்டு, பிழைக்காதவர்களும் உண்டு என்றாராம். தியோவிடம் புண் என்றே சொல்லி வைத்திருக்கிறாள் மார்செலின். ஷோமோனில் கோதுமை இறக்கும்போது அப்படியே ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்று பேச்சு.

"யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னா. உன்கிட்ட சொல்றதுக்கே யோசிச்சா" என்றாள் ஒதீல்.

ஏன் என்று அன்செல்முக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் அப்பாவிடம் ஒரு வைத்தியர் உள்ளதை உள்ளபடி சொன்னார். அப்பா நன்றி சொல்லிவிட்டுப் படகுக்கு வந்து, பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் படுத்தவர்தான். சூப் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டார். சரக்கு இறக்கி முடியுமுன் போய்ச் சேர்ந்தார். தியோ அப்பாவின் அச்சு; நடை, கோபம், பிடிவாதம் எல்லாம்.

ரயிலில் கூட்டிப்போனால் என்ன என்று அன்செல்ம் கேட்டான். வயிற்றுப் புண்ணுக்காக எவன் சரக்கோடு படகை விட்டுவிட்டு ரயிலேறுவான், அப்படிச் சொன்ன அந்த நிமிஷமே தியோவுக்குப் புரிந்துவிடாதா என்று ஒதீல் திருப்பிக் கேட்டாள். அது சரிதான். ஆனால் அந்த வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. மலை உச்சியில் கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் சேறு தெரியக் கிடந்தன. ஒரு படகை மதகில் ஏற்றி இறக்க, மதகின் இரு கதவுகளுக்கு நடுவே நிறையும் ஒரு தொட்டித் தண்ணீர் செலவு. அதனால் உச்சியில் இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று, அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று என்று அளந்து அளந்து விட்டார்கள். இரு பக்கமும் வரிசை நீண்டது. வரிசையில் தியோ எங்கோ பின்னால் இருந்தான்.

அன்செல்ம் எந்திரத்தைக் கிளப்பினான். அவனுடைய 'சாந்த் ரீத்தா' நிறைய ஜல்லி ஏற்றியிருந்தது. தண்ணீர் விளிம்பை நக்க, மனிதன் நடக்கும் வேகத்தில் போனது. அந்தப் பக்கம் ஆறு, இந்தப் பக்கம் கால்வாய், நடுவே நெட்டிலிங்க மரங்கள். ஊர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு இரும்புப் பட்டறை, ஒரு தேவாலயக் கோபுரம், துணி துவைக்கும் கல்மண்டபம், தூண்டிலோடு ஒரு கிழவன். படகு எழுப்பும் அலைக்குக் கிழவன் திட்டுவான். பிறகு அடுத்த மதகு. முன்கதவு திறந்திருந்தால் உள்ளே நுழைய வேண்டும். இரு பக்கமும் ஒரு கை நுழையும் அளவுதான் இடைவெளி. அந்தக் கதவு பின்னால் மூடும், தண்ணீர் ஏறும், படகும் ஏறும், மேலே வேறொரு ஊர் தெரியும். சின்ன வயதிலிருந்து செய்கிற வேலை. கை தானாகச் செய்தது. மனம் தியோவோடு சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் நின்றது.

இருவரும் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. காரணம், ஒரு தொட்டித் தண்ணீர். ஒரு டிசம்பரில் சுரங்கத்துக்கு முன்னால் இருந்த கடைசி மதகில் முறை தியோவுடையது. தியோ எண்ணெய் வாங்க ஊருக்குள் போயிருந்தான். தொட்டி தயாராக, கதவு திறந்து கிடந்தது. பின்னால் நின்ற அன்செல்ம் ஒரு நிமிஷம் பார்த்தான், பிறகு நுழைந்துவிட்டான். சட்டப்படி தவறில்லை, ஆள் இல்லாத படகு காத்திருக்க வேண்டியதுதான். அன்று ராத்திரியே கால்வாய் உறைந்தது. அன்செல்ம் தெற்கே வெயிலில் சரக்கு இறக்கினான். தியோ மலையுச்சியில் பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கிடந்தான். அந்தச் சமயத்தில் மார்செலினின் அம்மா செத்துப்போனாள். அடக்கத்துக்கு மார்செலினால் போக முடியவில்லை. பனி மூடிய மலையிலிருந்து இறங்க அப்போது பாதையே இல்லை.

அன்றிலிருந்து கால்வாயில் எதிரெதிரே வந்தால் அண்ணன் ஒரு கரையைப் பார்ப்பான், தம்பி மறு கரையைப் பார்ப்பான். பெண்கள் இருவரும் மட்டும் நீண்ட கம்பில் ஒரு ஜாம் புட்டியையோ பூண்டுச் சரத்தையோ மாட்டிக் கை மாற்றிக்கொள்வார்கள். 'மன்னித்துக்கொள்' என்று சொல்ல அன்செல்ம் பலமுறை நினைத்ததுண்டு. படகுகள் உரசிக்கொண்டு கடக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் எதைச் சொல்வது, எப்படித் தொடங்குவது என்று யோசிப்பதற்குள் தியோவின் முதுகுதான் தெரியும்.

ஷோமோன் தாண்டி மேலே இருந்த மதகில் மதாம் கொலார் வேலை பார்த்தாள். பருத்த உடம்பு, புருஷனின் பழைய கோட்டு, காலைச் சுற்றி வாத்துகள். அன்செல்மை அரும்பு மீசைக் காலத்திலிருந்து தெரியும்.

"என்ன, உன் படகு மாசமா இருக்கா? இப்படி அசைஞ்சு அசைஞ்சு வருது" என்றாள்.

மேலே வரிசை எப்படி என்று அன்செல்ம் கேட்டான். இந்தப் பக்கம் ரோலம்போன் வரைக்கும் கட்டிக் கிடக்கிறார்கள், அந்தப் பக்கம் இதைவிட மோசம் என்றாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஒதீல் முன்புறத்தில் வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பேச்சு எட்டாத தூரம். அன்செல்ம் கரையில் ஏறி மதாம் கொலாருக்குப் பக்கத்தில் போய் நின்றான். தம்பி படகுக்கு வழி விடச் சொல்ல முடியுமா என்று கேட்டான்.

அவள் கதவுச் சக்கரத்தைச் சுற்றுவதை நிறுத்தினாள்.

வரிசையைத் தாண்டி ஒரு படகை விடுவதற்கு அந்தக் கால்வாயில் இரண்டே காரணம் உண்டு. படகில் ஒருத்திக்குப் பிரசவ வலி கண்டிருக்க வேண்டும், அல்லது யாராவது சாகக் கிடக்க வேண்டும். மார்செலினுக்குப் பிள்ளை பெறும் வயது எப்போதோ கடந்துவிட்டது.

"தியோவா?" என்றாள்.

அன்செல்ம் தண்ணீரைப் பார்த்தான்.

"ரொம்ப மோசமா?"

அதற்கும் அவன் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வயிற்றுப் புண், ரத்தம் கசிகிறது, வலி பொறுக்கவில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். அவன் சும்மா நின்றான். மதாம் கொலார் சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனாள். தொலைபேசியின் கைப்பிடி சுற்றும் சத்தம் கேட்டது. ஒரு மதகுக்காரி அடுத்த மதகுக்காரிக்குச் சொன்னால் போதும். சேதி தண்ணீரைவிட வேகமாக ஓடும்.

படகுக்குத் திரும்பும்போது அவனுக்கு மனம் லேசாக இருந்தது. தம்பியின் உயிருக்காகச் செய்தோம் என்று நினைத்துக்கொண்டான். அது பொய்யும் இல்லை. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. யார் வழி வாங்கிக் கொடுத்தது என்று தியோ கேட்பான். உன் அண்ணன் என்பார்கள். ஒரு தொட்டித் தண்ணீரைத் திருடியவன் மலையிலிருந்து ஷோமோன் வரைக்கும் அத்தனை தொட்டியையும் திருப்பிக் கொடுத்திருக்கிறான் என்று தியோவுக்குத் தெரிய வேண்டும். வாயால் சொல்ல முடியாததை இப்படிச் சொல்லிவிட்டதாக அவனுக்குத் தோன்றியது. ஒதீலிடம் அவன் எதுவும் சொல்லவில்லை.

ரோலம்போனில் வரிசையின் வாலில் போய் நின்றார்கள். நேரான, நீளமான கால்வாய். ஒரு கரை முழுக்கப் படகுகள் மூக்கும் வாலுமாகக் கட்டிக் கிடந்தன. தூரத்தில் மதகு. காத்திருக்கும் நாட்களில் படகுப் பெண்கள் சேர்த்து வைத்த அழுக்கையெல்லாம் துவைப்பார்கள். நல்ல வெயில் வேறு. ஒவ்வொரு படகின் முதுகிலும் கொடி கட்டிப் போர்வைகள், சட்டைகள், குழந்தைத் துணிகள் ஆடின. ஒதீலும் துவைத்துக் காயப்போட்டாள்.

மறுநாள் காலை முன்படகுக்காரி ஒதீலைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் கொழுந்தன் படகு ராத்திரி சுரங்கத்தைத் தாண்டிவிட்டதாம், ஒரு மதகிலும் நிற்கவில்லையாம், கடவுள் அமைதி கொடுக்கட்டும் என்றாள். நல்ல வேளை உன் புருஷன் சேதி சொன்னார் என்றும் சொன்னாள்.

ஒதீல் திரும்பி வந்தபோது அன்செல்ம் எந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அவள் குரலை உயர்த்தவில்லை.

"நீயா சொன்னே?"

"வரிசையில கெடந்தே செத்திருப்பான்."

"மதாம் கொலார்கிட்டயா? ஊருக்கே ஒலிபெருக்கிகிட்டயா?"

அவன் துணியால் கையைத் துடைத்தான். நாள் வீணாகாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவான், அதுதானே வேண்டும் என்றான்.

"நீ பேசாம இருந்திருக்கலாம் அன்செல்ம். இத்தனை வருஷமா அத ஒண்ணத்தான் நல்லா செஞ்சே."

அப்போதும் அவனுக்கு முழுதாக உறைக்கவில்லை. மார்செலின் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள், கோதுமை அவசரம், தரகர் சொல்லி வழி விட்டார்கள் என்று என்னவாவது. தியோ வலியில் கீழே படுத்திருப்பான், எதையும் பார்த்திருக்க மாட்டான். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் அவன் முகம் மழித்து, நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு மேல்தளத்தில் நின்றான்.

மதியத்துக்கு மேல் தூரத்து மதகின் கதவு திறந்தது. 'அல்பாத்ரோஸ்' வெளியே வந்தது. சங்கு ஊதவில்லை. ஊத வேண்டிய அவசியமும் இல்லை.

மதகை ஒட்டி நின்ற படகில் கொடித்துணி இறங்கியது. அடுத்த படகில் இறங்கியது. அதற்கடுத்ததில். சாவு போகும் வழியில் கொடியில் துணி ஆடக்கூடாது. அது அவர்கள் வழக்கம், எப்போது வந்தது, யார் சொன்னது என்று எவருக்கும் தெரியாது. ஆண்கள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் போர்வைகளை உருவி மார்போடு அணைத்துக்கொண்டார்கள். படகு நெருங்க நெருங்க, வெள்ளையும் நீலமும் சிவப்புமாக ஆடிக்கொண்டிருந்த அந்தக் கரை, தெற்கிலிருந்து ஒவ்வொன்றாக வெறிச்சிட்டுக்கொண்டே அன்செல்மை நோக்கி வந்தது. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. சுரங்கத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வரை ஒவ்வொரு வரிசையிலும் இதுதான் நடந்திருக்கும். படகில் பிறந்து, எத்தனையோ பேருக்குத் தன் கையாலேயே கொடித்துணி இறக்கிய ஒருவனுக்கு இதை எந்தக் கோதுமைத் தரகர் கதையும் மறைக்காது.

திரும்பிப் பார்த்தான். ஒதீல் தன் கொடிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். துணியைத் தொடவில்லை. முன்படகுக்காரி அவளைப் பார்த்து ஏதோ சைகை காட்டினாள். ஒதீல் கண்டுகொள்ளவில்லை. அவனுடைய சட்டைகள் காற்றில் கையை வீசின.

'அல்பாத்ரோஸை' ஓட்டி வந்தது தியோதான். கீழே படுத்திருக்கவில்லை. கன்னம் ஒட்டி, கழுத்துக்குப் பெரியதாகிவிட்ட சட்டைக் காலரோடு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தான். மார்செலின் முன்புறத்தில் இருந்தாள். 'சாந்த் ரீத்தா'வை நெருங்கியபோதும் அவள் தலை திரும்பவில்லை.

தியோ எந்திரத்தைக் குறைத்து, படகைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தான்.

"யாரு சொன்னான்னு ஒவ்வொரு மதகுலயும் கேட்டேன். உன் பேரத்தான் சொன்னாங்க."

இதைக் கேட்கத்தானே அன்செல்ம் ஆசைப்பட்டான்.

"சீக்கிரம் போகட்டும்னுதான் தியோ..."

"போய்ட்டேன்ல" என்றான் தியோ. "உச்சியில ஒரு பொம்பள அப்பத்தான் காயப்போட்டுட்டு இருந்தா. என்னப் பாத்ததும் ஈரத்துணிய உருவுனா. சொட்டச் சொட்ட. அது வரைக்கும் வயித்துல புண்ணுன்னு நெனச்சிட்டு வந்தேன். மார்செலினக் கேட்டேன். அவளுக்குப் பொய் சொல்ல வராது."

"ஆஸ்பத்திரில படுக்கை போட்டு வச்சிருக்காங்க. டாக்டர் நல்லவராம். பொழைக்க வாய்ப்பு இருக்கு."

"அப்பாவுக்கும் என்னமோ மருந்து இருக்குன்னுதான் சொன்னாங்க."

அந்தப் பனிக்காலத்தைப் பற்றி இப்போது சொல்லிவிட வேண்டும் என்று அன்செல்ம் வாயெடுத்தான். அந்த மதகு, அந்த டிசம்பர், நான் நுழைந்திருக்கக் கூடாது என்று அரைகுறையாக ஏதோ சொன்னான். தியோ கையை ஆட்டி நிறுத்தினான். கோபமாக இல்லை, எச்சில் தட்டை எடுக்கச் சொல்கிற மாதிரி.

"அது பழசு. அத நான் எப்பவோ விட்டுட்டேன். நீதான் பேசல, நானும் பேசல." பிறகு கண்ணால் ஒதீலின் கொடியைக் காட்டினான். "இந்தக் கால்வாயிலேயே உன் பொண்டாட்டி ஒருத்திதான் என்ன உயிரோட பாத்தா."

மார்செலினைப் பார்த்துப் படகைக் கட்டு என்றான். ஷோமோன் இன்னும் கொஞ்ச தூரம்தான், இன்றைக்கே போய்விடலாம் என்று மார்செலின் கெஞ்சினாள். கட்டு என்றான் மறுபடியும். அவள் வடத்தோடு கரையில் குதித்தாள். ரோலம்போனிலேயே எதிர்க்கரையில் 'அல்பாத்ரோஸ்' கட்டப்பட்டது. தியோ எந்திரத்தை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனான். அவன் தலை மறைவதை அன்செல்ம் பார்த்தான்.

மறுநாள் ஒதீல் அக்கரைக்குப் போய் வந்தாள். தியோ சாப்பிடவில்லை என்றாள். பாலைக் கொடுத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறானாம். ஷோமோனிலிருந்து வைத்தியரையே மார்செலின் வரவழைத்தாள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நிறையப் பேசினார். தியோ மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, நன்றி டாக்டர் என்றானாம். அன்செல்ம் போனபோது மார்செலின் படிக்கட்டில் நின்றுகொண்டு வழியை மறித்தாள். தூங்குகிறான் என்றாள். உள்ளே தியோ இருமுவது கேட்டது.

வரிசை நகர்ந்தது. 'சாந்த் ரீத்தா'வின் முறை வந்தது. பின்னால் படகுகள் நிற்கின்றன, நிறைந்த தொட்டி காத்திருக்கிறது, தண்ணீரை வீணாக்க முடியாது. இன்னும் ஒரு நாள் பொறுக்க முடியுமா என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பார்கள். அவன் படகைக் கிளப்பினான். மலையேறி, சுரங்கத்தைக் கடந்து, மறுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு மதகுக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் தியோ பிழைத்திருப்பானா என்று யாராலும் சொல்ல முடியாது. வைத்தியரும் பிழைப்பவர்களும் உண்டு, பிழைக்காதவர்களும் உண்டு என்றுதான் சொன்னார். பிழைத்திருக்கவே மாட்டான் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால் அன்செல்ம் ராத்திரியில் தூங்குவான். அப்படிச் சொல்ல ஆள் இல்லை. ஒதீல் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பேசுகிறவர்கள் மற்றவர்கள்தான். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் எந்த மதகில் நுழைந்தாலும் யாராவது வந்து அவன் தோளைத் தட்டுகிறார்கள். அண்ணன் தம்பிக்குள் ஆயிரம் இருந்தாலும் கடைசியில் நீ செய்தது பெரிய காரியம் என்கிறார்கள். பேச்சுவார்த்தை இல்லாதவனுக்கு மலையிலிருந்து கீழ்வரை வழி திறந்துவிட்டாயே, எந்த அண்ணன் செய்வான் என்கிறார்கள். மதாம் கொலார் ஒருமுறை அவனுக்கு ஒரு வாத்தைக் கால் கட்டிக் கொடுத்தாள். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அன்செல்ம் தொப்பியைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டான்.